ஆறிப்போகும் சோறு

கட்டாண்டுவானெஸ் தீவின் வானிலைக் கூடத்துச் சன்னலில் அந்திச் செம்மை வழிகிறது. வெளியே கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கிறது. ரேடார் திரையிலோ, காலையில் சிதறிக்கிடந்த மேகமெல்லாம் இறுகித் திரண்டு, நடுவில் கண் திறந்து சுழல்கிறது. ரெமெடியோஸ் ஒலிவாங்கியை இழுத்து, நடுக்கடல் படகுகளுக்கு நிதானமாக வாசிக்கிறாள்: புயல் வலுத்துவிட்டது, தீவை நோக்கித் திரும்பிவிட்டது. "என்னக்கா, கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு, சும்மா பயங்காட்டுறே," என்று படகிலிருந்து வானொலியில் சிரிக்கிறான் தம்பி நெஸ்டர். அவள் அறிக்கையை மறுபடி வாசித்துவிட்டு ஒலிவாங்கியின் பொத்தானை விடுகிறாள். தினமும் அறிக்கை முடிவில், 'சோறு ஆறுது, வந்து சேருங்கடா' என்பாள். இன்று சொல்லவில்லை. கரகரப்புக்கு நடுவே நெஸ்டரின் குரல், சிரிப்பில்லாமல்: "அக்கா, சோத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே." "அது ஆறட்டும். புது வலையாச்சேன்னு இழுத்துட்டு இருக்காதீங்க, அறுத்துட்டு வாங்க." நெஸ்டர் தன் பொத்தானை அழுத்தியபடியே பிடித்திருக்கிறான் போலும். புது வலையின் கயிற்றைக் கத்தி அறுக்கும் சத்தம் கூடமெங்கும் கேட்கிறது.