நின்றுபோன பென்சில்

"மூணு வாரத்துல அந்தம்மா கத்துக்கிட்டது நாலே நாலு வாக்கியம். நாலுக்கும் அர்த்தம் ஒண்ணுதான். ஒண்ணும் புரியலை!"

ஜன்னலுக்கு வெளியே அனஸ்தாஸின் குரல். கூடவே பெரிய சிரிப்பு.

உள்ளே அந்தம்மா, அதாவது ஸ்பெசியோஸ், மந்தாசிப் பணியாரத்தைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்ததும் ருவாண்டா பள்ளிகளில் பிரெஞ்சு போய் ஆங்கிலம் வருகிறது. இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அனஸ்தாஸ். வாத்தியார்களுக்கான இந்த விடுமுறை ஆங்கிலப் பயிற்சியில், மாதக் கடைசித் தேர்வில் தேறாவிட்டால் அவருக்கு வகுப்பு கிடையாது.

குழப்பம் வந்தால் இவற்றைச் சொல்லுங்கள் என்று பயிற்சியாளர் வாஸ்வா முதல் நாளே நாலு ஆங்கில வாக்கியங்களைப் பலகையில் எழுதிப்போட்டிருந்தார். இருந்த நாற்பது பேரும் வாத்தியார்கள். யார் கை தூக்குவார்கள்?

ஸ்பெசியோஸ் தூக்கினாள். இன்றும்.

"ஐ பெக் யுவர் பார்டன், சார்."

வாஸ்வா மறுபடி விளக்கினார்.

"சார், ஐ ஆம் டோட்டலி லாஸ்ட்."

"மறுபடியும் காணாமப் போயிட்டாங்கய்யா! யாராவது தேடிக் கூட்டிட்டு வாங்க!" என்றது பின்வரிசை.

"ஏம்மா, உங்க பக்கத்துல உட்காரவே கூச்சமா இருக்கு" என்று அனஸ்தாஸ் முணுமுணுத்தார்.

வாஸ்வா மூன்றாம் முறை, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அனஸ்தாஸின் பென்சில் கடகடவென்று ஓடியது.

வெள்ளிக்கிழமை வாரத்தேர்வு மதிப்பெண்களைக் கதவில் ஒட்டினார்கள். முதலிடம் ஸ்பெசியோஸ், தொண்ணூற்றாறு. அனஸ்தாஸ் ஐம்பத்தொன்று. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி.

அனஸ்தாஸ் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"எல்லாம் தெரிஞ்சிருந்துமா தினம் கையைத் தூக்கினீங்க?"

"உங்க பென்சில் நின்னப்போதான் தூக்கினேன், வாத்தியாரே."

திங்கட்கிழமை அவள் இடம் காலி. மேல் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

வாஸ்வா பின்னங்களை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார்.

வகுப்பே தலையாட்டியது.

அனஸ்தாஸின் பென்சில் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தார். பின்வரிசையிலும் ஐந்தாறு பென்சில்கள் நின்றிருந்தன.

தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, கையைத் தூக்கினார்.

"சார், ஐ ஆம் டோட்டலி லாஸ்ட்."