லைட்டை அணைங்க

“அந்த லைட்டை அணைம்மா. கண்ணு கூசுது.”

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. திரைச்சீலைக் கடையில் விளக்கை அணைத்துவிட்டால் வருகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குவார்கள்?

“மாஸ்டர், தலையில இடிச்சது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

கட்டிங் மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் அக்காவின் பிரசவத்துக்கு ஓடியிருந்த வாரத்தில் ரேக்கில் தலையை இடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து இதே கூத்துதான். ரேடியோ கூடாது. மெஷின் சத்தம் கூடாது. அளவைச் சொன்னால் மறுநிமிடம் மறந்துபோகும். மத்தியானமானால் கிடங்கில் போய் இருட்டில் படுத்துவிடுவார். எல்லா வேலையும் இவள் தலையில்.

இன்றைக்கு ஒரு ஜன்னல் திரையை ஒரு சாண் குட்டையாக வெட்டி வைத்திருந்தார். வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கவுன்டரில் நின்ற அவள்.

“முடியலைன்னா லீவு போட்டு வீட்ல படுங்க. இங்க வந்து நடிக்காதீங்க!”

“நடிக்கிறேனா?” மாஸ்டர் கத்தரிக்கோலை மேஜையில் ஓங்கி அடித்தார். அதிர்ந்துகூடப் பேசாத மனிதர். “என் மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். போ! போய் முதலாளிகிட்டயே சொல்லு!”

அடித்த சத்தம் தாங்காமல் அவரே காதைப் பொத்திக்கொண்டார்.

சொல்லத்தான் போகிறேன் என்று அவள் விறுவிறுவென்று முதலாளி அறைக்குள் நுழைந்தாள்.

“சார், அவருக்கு லீவு கொடுங்க. இல்ல, வேற ஆளைப் போடுங்க. ரெண்டு ஆள் வேலையை என்னால பார்க்க முடியாது.”

“லீவா?” முதலாளி எரிந்து விழுந்தார். “கடையில அடிபட்டா சம்பளத்தோட லீவு. தன் தப்பால அடிபட்டா சம்பளம் கிடையாது. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாரா அந்த மனுஷன்?”

“ரேக்குல இடிச்சுக்கிட்டதுல என்ன சார் தப்பு?”

“இடிச்சுக்கிட்டாராவது! மேல் தட்டுலேர்ந்து துணிச் சுருள் உருண்டு தலையில விழுந்திருக்கு. உருளாம இருக்க மாட்டுற பெல்ட்டை மாட்டலை. யார் ஏத்தினதுன்னு கேட்டேன். வேற யாராவதா இருந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன். ‘நான்தான் ஏத்தினேன், நான்தான் மறந்தேன்’னு ஒத்தைக்கால்ல நிக்கிறார்.”

அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தபோது அவள் ஏணியில்தான் நின்றுகொண்டிருந்தாள். கடைசிச் சுருளையும் ஏற்றியாகிவிட்டது. பெல்ட் மட்டும்தான் பாக்கி.