ஒரே பெயர் இரண்டு தடவை

குடும்ப தினத்தன்று அலுவலகத்துக்கு வந்த பெற்றோர்கள், பிள்ளைகள் செய்த வண்ண வண்ணச் செயலிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மலரின் மேசையில் இருந்தது வெறும் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் பெயர்கள் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற அவள் அப்பா குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா?"

"அங்க அவங்க பாக்குற ஆப் எல்லாம் இந்த மாட்யூல்ங்கிற சின்னச் சின்ன ப்ரோகிராம் துண்டுகளைச் சேத்துத்தான் உருவாகுதுப்பா. எது இல்லாம எது ஓடாதுன்னு பாத்து எடுத்துக் குடுக்கிறது என் வேலை."

"ஒரே பேரு ரெண்டு தடவ வந்துச்சே?"

அவள் நிமிர்ந்தாள். புதிதாகச் சேரும் இன்ஜினியர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி அது.

"ஒருத்தர் அதுல பழைய வெர்ஷன் வேணும்பார், இன்னொருத்தர் புதுசு வேணும்பார். ஏதாவது ஒண்ணுதான் உள்ள போக முடியும்."

ஒரே ஊருக்கு, ஒரே நேரத்துக்கு, பேருந்தை எடுக்க அனுமதி கேட்டு வாயில் விசிலோடு தன் முன்னால் வந்து நின்ற கண்டக்டர்கள் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"எது போகணும்னு யாரு சொல்றது?"

"நான்தான்ப்பா."

"மேனேஜர் ஒத்துக்குவாரா?"

"அவரே என்கிட்ட வந்துதான் கேப்பாரு."

அப்பா நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேர் எதிரே போட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கடந்துபோன ஒருவர் எட்டிப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையே சார்" என்றார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் அப்பா. "இப்ப ஒரே பேரு ரெண்டு தடவ வரும். அந்த எடத்துல நிக்கிறது என் பொண்ணு."