குடிகார எஞ்சின்

“மாஸ்டர், இது எஞ்சின் இல்ல, குடிகாரன். ஊத்த ஊத்தக் குடிச்சிட்டே இருக்கும். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

கண்ணாடி மேசைமேல் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. இரண்டுமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவுதான். ரிமோட்டில் ஓடும் குட்டிப் பந்தயக் காருக்கு மாட்டுகிற நைட்ரோ எஞ்சின்கள். கடைக்காரர் இடதுபக்கம் இருந்ததை மாஸ்டரின் பக்கம் நகர்த்தி வைத்தார். மாஸ்டர் அதைத் தொடக்கூட இல்லை. அவர் பார்வை வலதுபக்கத்துக் குடிகாரன் மேலேயே இருந்தது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வாரம் முழுக்க ஊராருக்குக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஞாயிறு ஆனால் ஒரு முழ நீள வண்டியை ரிமோட்டில் ஓட்டக் கிளம்பிவிடுவார். அதைப் பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயம். பந்தயம் நடக்கிற மைதானத்தை விற்றாகிவிட்டது. அடுத்த மாதம் அங்கே கிடங்கு கட்டப் போகிறார்கள். இத்தனை வருடத்தில் மாஸ்டர் இரண்டாவதாக வந்திருக்கிறார், மூன்றாவதாக வந்திருக்கிறார், கோப்பையை மட்டும் ஒரு தடவையும் வாங்கியதில்லை. இப்போது விட்டால் விட்டதுதான். பழைய எஞ்சின் வேறு போன வாரம் பாதி ஓட்டத்தில் உயிரை விட்டுவிட்டது. கடைக்காரரும் அந்த மைதானத்தில் வண்டி ஓட்டுகிறவர்தான். தனக்கு எப்படியும் கோப்பை வராது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மாஸ்டருக்காவது வரட்டுமே என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்.

அதனால் பொறுமையாக இன்னொரு தடவை விளக்கினார். இறுதிப் பந்தயம் முக்கால் மணி நேரம். டேங்க் காலியாவதற்குள் வண்டி, தடத்தோரம் எரிபொருள் ஊற்றுகிற பிட்டுக்குள் வந்தாக வேண்டும். மேடைமேல் ரிமோட்டோடு நின்று ஓட்டுகிறவர் கீழே இறங்கக் கூடாது. கீழே நிற்கிற கூட்டாளிதான் வண்டியைப் பிடித்து, எரிபொருளை ஊற்றி, திரும்பவும் ஓடவிட வேண்டும். இடதுபக்கத்து எஞ்சின் நாலு தடவை உள்ளே வந்தால் போதும். குடிகாரனோ ஏழு தடவை வந்து நிற்பான். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் நாலு பேர் முந்திப் போய்விடுவார்கள். வளைந்து வளைந்து போகிற அந்தத் தடத்தில் குடிகாரனின் வேகத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஏழு தடவை கண்டிப்பா உள்ள வரணுமா?”

“கண்டிப்பா. ஒண்ணுகூடக் குறையாது.”

“அப்ப இதையே குடுத்துடுங்க.”

கடைக்காரருக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு நேரம் சுவரோடா பேசினோம் என்று தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டதுபோல் இருந்தது. மாஸ்டரின் பிட்டில் நிற்பது அவருடைய தம்பி. கிளப் ஷெட்டில் வண்டியைத் துடைத்து, கழற்றி, மாட்டி வைப்பதும் அவர்தான். கண் மூடித் திறப்பதற்குள் டேங்கை நிரப்பி வண்டியை விட்டுவிடுகிற கை.

“ஓ, தம்பி இருக்கற தைரியமா? அதுவும் சரிதான். உங்க பிட்டைப் பாத்தா எங்க எல்லாருக்கும் பொறாமை மாஸ்டர். என் மச்சான் ரேஸ் முடியற வரைக்கும் கீழேருந்து என்னைத் திட்டிட்டே இருப்பான். நீங்க ரெண்டு பேரும் அனாவசியமா ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததில்ல. கூடப் பொறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்.”

வெளியே தூறல் விட்டபாடில்லை. பகலிலேயே கடைக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் மாஸ்டர் முகத்தில் பத்து வயது கூடித் தெரிந்தது.

ஆனாலும் கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஊற்றப் போகிறவர் தம்பி, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். மாஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். நீங்கள் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன் என்று கடைக்காரரே போனைக் கையில் எடுத்தார்.

மாஸ்டர் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வீட்டைப் பாகம் பிரிச்சோம் பாருங்க, அன்னையிலேருந்து எங்களுக்குள்ள பேச்சு கிடையாது. தெருவுல பாத்தாக்கூடத் தலையைக் குனிஞ்சிட்டுப் போயிடுவான். நானும் அப்படித்தான். வெளியில யாருக்கும் தெரியாது.”

பிடித்த கையை விட்டுவிட்டு, குடிகாரனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“டேங்கை ரொப்பிட்டு ‘போண்ணா’ன்னு கத்துவான். கத்தினாத்தானே மேல நிக்கற எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு கிடப்பேன். இந்த ஞாயிறோட அதுவும் முடிஞ்சு போச்சு. கோப்பையை யாராவது எடுத்துக்கட்டும். எனக்கு அவன் ஏழு தடவை கூப்பிடணும்.”

கடைக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டார். குடிகாரனை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினார். பெட்டியைக் கொடுக்கும்போது அவரால் மாஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அண்ணன்கிட்டச் சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாரு” என்றார் மெல்ல. “நேத்து உங்க தம்பி வந்து, உங்க வண்டிக்கு மாட்ட, இருக்கறதுலயே சின்ன டேங்கா கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு.”