இன்பமேரியின் லீவு நாள்

இன்பமேரி மறுபடியும் சிரித்தாள்.

எதிரில் யாரும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. மெஷின் பாட்டுக்குச் சுற்றுகிறது, ஒரு இழை அறுந்து தொங்குகிறது, அவளோ கீழுதட்டைக் கடித்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி நிற்கிறாள். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

பக்கத்து மெஷினில் நின்ற சகாயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் அந்த இழையை முடிச்சுப் போட்டாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

"என்னடி அப்படி ஒரு நினைப்பு?"

"ஒண்ணுமில்லைங்க அத்தை."

ஒன்றுமில்லாததற்கா முகம் இப்படிச் சிவக்கும்? சகாயம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. சேலத்து நூல் மில்லில் இருபது வருஷமாக நூல் சுற்றுகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்காக உலகம் தெரியாதவள் இல்லை. வேலை நேரத்தில் ஒருத்தி தனக்குத்தானே சிரித்தால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு ஆம்பளை இருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஆம்பளை யார் என்பதும் அன்றைக்கே தெரிந்துபோனது. மெஷினுக்கு எண்ணெய் விட பிட்டர் வேலுசாமி வந்தான். இளவட்டம். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் குனிந்து எண்ணெய் விட்டு நிமிரும் வரைக்கும் இன்பமேரி அந்த முதுகையே பார்த்தாள். அவன் போன பிறகு ஒரு பெருமூச்சு வேறு.

சகாயம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரியாதா? இன்பமேரி வேறு யாருமில்லை, அவள் அக்கா மகன் செபஸ்தியானின் மனைவி. அக்கா செத்தபோது அவனுக்கு ஆறு வயது. அவனை வளர்ப்பதற்காகத்தான் தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள் சகாயம்மாள். நாமக்கல் பக்கம் அலைந்து இந்தப் பெண்ணைப் பார்த்து, நாலு மாசத்துக்கு முன்னால் கோயிலில் தாலி மந்திரித்துக் கல்யாணம் செய்து வைத்ததும் அவள்தான். மில்லில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். பாவம், அந்தப் பையன் இன்னொரு மில்லில் ராத்திரி ஷிப்டு. விடிய விடியக் கண் முழித்து உழைக்கிறான். இவள் இங்கே எவன் முதுகையோ பார்த்துக் கனவு காண்கிறாள்.

நேராக மேஸ்திரியம்மா தெய்வநாயகியிடம் போனாள். நூல் அறுவது, சிரிப்பது, பெருமூச்சு விடுவது, ஒன்று விடாமல் சொன்னாள். ஒன்று வேலுசாமியை இந்தப் பக்கம் வரவிடக்கூடாது, இல்லை இவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றாள்.

தெய்வநாயகி அதிகம் பேசாதவள். விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் இன்பமேரியைப் பஞ்சுக் கிடங்குக்குக் கூட்டிப் போனாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பெண்ணின் கண் சிவந்திருந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று சகாயம்மாளுக்கு நிறைவாக இருந்தது.

அந்த நிறைவு சாயங்காலம் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் தெய்வநாயகி வந்து, இன்பமேரிக்கு இனிமேல் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, வியாழக்கிழமைதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மில் ஏழு நாளும் ஓடும், ஆளுக்கு ஒரு நாள் லீவு. கிறிஸ்தவப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டு வாங்கியதே சகாயம்மாள்தான். அதில் கை வைப்பதா? இன்பமேரி செய்த தப்புக்கு அவளைத் திட்டலாம், வேலையை விட்டே நிறுத்தலாம். சாமி கும்பிடுகிற நாளைப் பிடுங்க இவர்கள் யார்?

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஸ்திரியம்மா மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க மேஸ்திரியம்மா, கண்டிக்கச் சொன்னா எங்க பூசையிலயா கை வைப்பீங்க? இது உங்களுக்கே நியாயமா இருக்குதுங்களா?"

"விடியக்காலைப் பூசை இருக்குதல்லங்க. பார்த்துட்டு ஒரு மணி நேரம் பிந்தி வரட்டும்னு சொல்லியிருக்கறேன்."

"அவ எவனையோ நினைச்சுக்கிட்டு நிப்பா, நீங்க சலுகை குடுப்பீங்களா?"

தெய்வநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"நினைப்புல யாரு வர்றதுன்னு நானும் கேட்டனுங்க. முந்தானையில மூஞ்சியை மூடிக்கிட்டு 'அவருதான்'னு சொல்லி அழுதுச்சு. வேலுசாமி குனிஞ்சா உங்க பையன் முதுகு மாதிரியே இருக்குதாம். கட்டுன புருஷனை நினைச்சுத்தான் நூலை அறுத்துக்கிட்டு இருந்திருக்குது."

ஆனாலும் சகாயம்மாளுக்குக் கோபம் இறங்க மறுத்தது.

"புருஷனை நினைக்க ஊடு இல்லீங்களா? வேலை செய்யற இடத்துலதான் நினைக்கணுமா?"

"ஊட்டுல எத்தனை ரூமுங்க?"

"ஒண்ணுதான்."

"ராத்திரியில அவன் மில்லுக்குப் போயிடறான். பகல்ல அவன் ஊட்டுல இருந்தா, நீங்களும் அவளும் இங்கே. சரி, ஞாயித்துக்கிழமை?"

"மூணு பேரும் ஊட்லதான் இருப்போம். நான் எங்கே போவேன்?"

"அதனாலதானுங்க வியாழக்கிழமை குடுத்தேன்" என்றாள் தெய்வநாயகி. "அன்னிக்கு நீங்க வேலைக்கு வந்திருப்பீங்க."