பொக்குக் கடலை

உள்ளே பருப்பே இல்லாத பொக்குக் கடலைகளைக் குவித்து வைத்திருந்த எலி, கிளியை அணிலிடம் அனுப்பியது.

"அக்கா, உங்களுக்கு மட்டும் சொல்றேன். எலியோட கடலை நாளைக்குப் பத்து மடங்கு விலை ஏறப் போகுது!"

அந்த அவசரத்தில் அணில் ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்காலத்துக்கு வைத்திருந்த வாதாங்கொட்டையெல்லாம் கொடுத்து ஒரு கடலையை வாங்கிய பிறகுதான் காதருகே குலுக்கியது. சத்தமே இல்லை.

"அடப்பாவி, பொக்குடா இது!"

"கத்தாதீங்க," என்றது கிளி. "காக்காகிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன். முறுக்கோட வந்துக்கிட்டிருக்கு. அது தலையில கட்டிட்டுப் போங்க. வெளியே தெரிஞ்சா உங்களுக்குத்தான் நஷ்டம். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்!"

அணில் கிளையுச்சிக்கு ஏறி, தோப்பே பார்க்கக் கடலையை உடைத்து, வெறும் தோலை விரித்துக் காட்டியது.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. காகம் மட்டும் சிரிக்கவில்லை. தன் முறுக்கைத் தானே தின்றுகொண்டிருந்தது.