பெயர் மாறிய தட்டு

காலை ஏழரை மணிக்கு கவிப்ரியா லேபுக்கு வந்தபோது, மேனேஜர் சுந்தரேசன் உள்ளே திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தார்.

கண்ணாடிக் கதவு வழியாக நன்றாகவே தெரிந்தது. அவர் முன்னால் இரண்டு கிருமிச் சோதனைத் தட்டுகள் கவிழ்ந்திருந்தன. அடிப்பக்கம் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளை நகத்தால் உரித்தார். இதை அதிலும், அதை இதிலும் ஒட்டினார். ஒன்று அவர் பெயர். இன்னொன்று கோணல்மாணலான தமிழில் 'முத்தாயி'. லேபைச் சுத்தம் செய்கிற அக்கா.

கவிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கைச்சுத்தப் போட்டியே அவர் வைத்ததுதான். கை கழுவுவதைப் பற்றி ஆரம்பித்தால், தெம்பனிஸில் எம்ஆர்டி ரயில் ஏறி குவீன்ஸ்டவுனில் இறங்கும்வரை நிறுத்த மாட்டார். புதன்கிழமை எல்லோரும் கையைக் கழுவிவிட்டு, ரத்தம் கலந்த அகார் கூழ் உறைந்த தட்டில் ஐந்து விரலையும் பதித்தார்கள். விரலில் மிச்சமிருக்கும் கிருமி, அதிலுள்ள சத்தைத் தின்று இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக வளர்ந்துவிடும். யார் கை லட்சணம் என்ன என்று ஊருக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு இது விளையாட்டு. முத்தாயிக்கு அப்படி இல்லை. "ரிசல்ட் மோசமா வந்தா வேற ஆளப் போட்டுடுவோம்" என்று அவருடைய கிளீனிங் கம்பெனி சொல்லியிருந்தது.

"தன் அழுக்க அக்கா தலையில கட்டுறாரு! எல்லார் முன்னாடியும் சொல்லத்தான் போறேன்," என்றாள் கவிப்ரியா.

"பேசாம இரு லா," என்றாள் பக்கத்து மேஜை நஸீஹா. "உன்ன வேலையில கன்ஃபர்ம் பண்றது யார் கையில இருக்கு, தெரியுமா?"

"தெரியும். அந்தக் கையிலதான் அழுக்கு!"

மதியம் பேன்ட்ரியில் எல்லோரும் கூடினார்கள். சுடச்சுடக் கரிபாப் பலகார வாசனை. முத்தாயி மட்டும் எதையும் தொடாமல் சுவரோரம் நின்றார்.

சுந்தரேசன் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிக் காட்டினார். "அடுத்தது முத்தாயி."

கவிப்ரியா எழுந்தேவிட்டாள்.

தட்டு பளிச்சென்று இருந்தது. இரண்டே இரண்டு புள்ளி. எல்லோரும் கைதட்ட, முத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கவிப்ரியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெல்ல உட்கார்ந்தாள்.

"கடைசி இடம்..." சுந்தரேசன் உயர்த்திய தட்டில் பொன்னிறப் புள்ளிகள் மொய்த்திருந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் ரத்தச் சிவப்பு வெளுத்து வளையமாகத் தெரிந்தது. புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமி. லேபில் எல்லோருக்கும் பார்த்ததுமே பிடிபட்டது.

"யாரோடது சார்?"

"என்னோடது."

பேன்ட்ரி சிரிப்பில் அதிர்ந்தது. நஸீஹா படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். யாரோ அவருக்கு ஒரு சோப்பைப் பரிசளித்தார்கள்.

"நல்லா தேய்ச்சுக் கழுவணும் சார்!" என்றார் முத்தாயி, துணிச்சல் வந்து.

"சரிங்க அக்கா," என்றார் சுந்தரேசன், வெகு பணிவாக.

கவிப்ரியா அவர் அறைக்குப் போனாள்.

"சார், காலையில நீங்க பேரை மாத்தினத பார்த்தேன். கடைசியா காட்டினது அக்கா பிளேட்."

"பார்த்துட்டியா? கதவச் சாத்தும்மா."

"வேலை போயிடும்னு காப்பாத்துனீங்க, சந்தோஷம் சார். ஆனா கிருமி நிஜம்தானே? மறைச்சா எப்படி?"

"மறைக்கல. இன்னிக்கு நாலு மணிக்கு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். கை ஆறுற வரைக்கும் அவங்களுக்கு ஸ்டோர்ல வேலை. அது அழுக்கு இல்லம்மா. வெறுங்கையால பிளீச் தொட்டுத் தொட்டு, கை பூரா வெடிச்சுக் கிடக்கு. வெடிப்புல இந்தக் கிருமி குடியேறிடும். எவ்வளவு கழுவினாலும் போகாது."

"ஏன் வெறுங்கை? கிளவுஸ் கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?"

சுந்தரேசன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஃபார்மை எடுத்து நீட்டினார். ரப்பர் கிளவுஸ், ஆறு ஜோடி. கேட்டவர்: முத்தாயி. தேதி மூன்று மாதம் பழையது. மேனேஜர் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலி.

"அவங்க கேட்டாங்க. நான்தான் உள்ள போட்டு மறந்துட்டேன். இப்ப சொல்லு கவி, அந்த பிளேட் யாரோடது?"